சூரியனை அடுப்பில் வைத்த மருமகள்

பத்மா யாங்டோலுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பாத்திரம் காலியாகக் கிடந்தாலும் அதில் மண்ணை நிரப்பி ஒரு விதையை ஊன்றிவிடுவாள். பால்பவுடர் டப்பா, மண்ணெண்ணெய்த் தகரம், பட்டாளத்துக்காரர்கள் வீசிவிட்டுப் போன ஒற்றை பூட்ஸ், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. ஷாங்போ கிராமத்துக்கு மருமகளாக வந்த முதல் குளிர்காலத்திலேயே மாமியார் இஷே லாமோ தன் பழைய தேநீர்க் கெண்டியைத் தேடி வீடு முழுக்க அலைந்தாள். கடைசியில் பார்த்தால் தெற்கு ஜன்னலில், வாய் நிறையக் கொத்தமல்லியோடு அது வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது!

"ஏம்மா, இதுல இனிமே நான் டீ ஊத்தணுமா, தண்ணி ஊத்தணுமா?"

"ரெண்டும் வேணாம் அமாலே, நேத்தே ஊத்திட்டேன்."

இஷே லாமோ கெண்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். திட்டவும் மாட்டாள், பாராட்டவும் மாட்டாள். கெண்டியை ஒரு பார்வை, மருமகளை ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதிலேயே யாங்டோலுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் போய்விட்டது.

அவள் பிறந்தது கீழே, சிந்து ஆற்றை ஒட்டிய சுலிலுங்கில். அங்கே வீட்டுக்கு வீடு ஆப்ரிகாட் மரம். ஷாங்போ அப்படி இல்லை. மேலே, மலை முடியும் இடத்தில், மரம் என்று சொல்ல நாலு வில்லோவும் கொஞ்சம் முள்ளும்தான். வானம் மட்டும் தாராளம். பனி உருகி வரும் ஒற்றை ஓடையை நம்பி பார்லியும் பட்டாணியும் டர்னிப்பும் போடுவார்கள். கோடை கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஓடிவிடும். அதனால் ஷாங்போக்காரர்களுக்கு விதைப்பு ஒரு நாள் தள்ளிப்போனாலும் தூக்கம் வராது.

"சுலிலுங்காரி வந்திருக்கா பாரு, பனி மேல சாம்பல் தூவறா! அடுத்து மலைக்கே சோப்பு போடுவா போல!" என்று பக்கத்து வீட்டு தெச்சன் கூரையிலிருந்து கத்துவாள்.

சாம்பல் தூவினால் கறுப்பு வெயிலை இழுக்கும், பனி சீக்கிரம் உருகும். இது ஷாங்போவிலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் பனி இளகத் தொடங்கிய பிறகுதான் தூவுவார்கள். யாங்டோலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. லோசார் புத்தாண்டு முடிந்து பலகாரத் தட்டு காலியாகும் முன்பே சாம்பல் கூடையோடு கிளம்பிவிட்டாள். ஜன்னலில் முட்டைக்கோசு, நூக்கோல், முள்ளங்கி எல்லாம் டப்பா டப்பாவாக முளைத்து நின்றன. தக்காளி கூட இருந்தது! ஷாங்போவில் தக்காளி! தெச்சனிடம் அதை மட்டும் அவள் காட்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் குன்செஸுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன், லே நகரத்தில் மெக்கானிக். குன்செஸே பார்த்து, குன்செஸே பேசி, குன்செஸே முடிவு செய்துவிட்டு, பிறகு வீட்டில் வெட்கப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டார் குடம் குடமாக சாங் கொண்டுவந்து, பெண் வீட்டார் அந்த பார்லிக் கள்ளை வாங்கிக் குடித்துவிட்டால் பேச்சு உறுதி. அந்த விருந்தை விதைப்புக்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும். ஏர் பூட்டிவிட்டால் பிறகு ஊரில் ஒருத்தருக்கும் உட்காரக்கூட நேரம் இருக்காது.

இஷே லாமோ வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். கடைசியாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"முற்றத்து அடுப்பு உன் பொறுப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். யாங்டோலுக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்து அடுப்பு என்றால் சாதாரணமா? சாங்குக்கு பார்லி வேக வைப்பதும் அதில்தான், விருந்தன்று முழு ஆட்டைக் கொதிக்க வைப்பதும் அதில்தான். வீட்டில் இருந்த செம்புக் கொப்பரையில் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். அதைத் தாங்க ஒரே உயரத்தில் மூன்று தட்டைக் கல் வேண்டும். ஊரில் கிடைத்ததெல்லாம் ஓடையில் உருண்டு வந்த கல், முட்டை மாதிரி. அதன் மேல் கொப்பரையை வைத்தால் விருந்து ஓடையோடு போய்விடும்.

அவர்கள் வீட்டுக் கழுதைக்குக் கர்னல் என்று பெயர். பட்டாளத்துச் சாமான் சுமந்து ஓய்வு பெற்றது, அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. அதை ஓட்டிக்கொண்டு கிழக்கு மேட்டுக்கு முள் விறகு பொறுக்கப் போனாள் யாங்டோல். மேட்டின் முகட்டில், பாதி பனிக்குள், மூன்று தட்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. தாகி ரொட்டி சுடுகிற கல் மாதிரி வழவழவென்று, ஒரே பருமன். யாரோ அவளுக்காகவே எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரி!

அவள் ஒன்றும் அவசரக்காரி இல்லை. சரி, அவசரக்காரிதான். ஆனால் பக்தி உள்ள பெண். மந்திரம் செதுக்கிய கல்லாக இருந்தால் விரல்கூடப் படாது. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து இல்லை. கொடி இல்லை. கும்பிட்ட அடையாளம் எதுவும் இல்லை. வெறும் கல். கர்னல் முதுகில் ஏற்றினாள், முற்றத்தில் இறக்கினாள், கொப்பரையை வைத்தாள். அது மலை மாதிரி அசையாமல் நின்றது.

இஷே லாமோ வந்தாள். கொப்பரையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"அடுப்பு நல்லா அமைஞ்சிருக்கு" என்றாள்.

வந்த நாளிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை! அன்று முழுவதும் யாங்டோல் பாடிக்கொண்டே திரிந்தாள். கர்னலுக்கு ஒரு முத்தம்கூடக் கிடைத்தது.

பனி போய்விட்டது. ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆண்கள் கலப்பைக்குக் கொழு மாட்டினார்கள், பெண்கள் எருவைக் குவியல் குவியலாகச் சேர்த்தார்கள். ஆனால் யாரும் மண்ணைத் தொடவில்லை. ஜன்னலில் முட்டைக்கோசு நாற்றுகள் கழுத்தை நீட்டி நீட்டி, வெளியே எட்டிப் பார்த்து, பிறகு சோர்ந்து சாய்ந்தன.

"எப்ப தோண்டலாம் அமாலே?"

"சோஸ்பெல் சொல்லணும்."

சோஸ்பெல் என்பது தெச்சனின் புருஷன். நல்ல தொந்தி, கறுப்புக் கண்ணாடி, எப்போதும் ஒரு செருமல். ஊருக்கு விதைப்பு நாள் சொல்வது அவன் வீட்டு உரிமை, பரம்பரை பரம்பரையாக. தினமும் விடிந்ததும் ஊரே அவன் வீட்டு வாசலில் நிற்கும். அவன் மாடியிலிருந்து இறங்கி, இடுப்புக் கச்சையைச் சரிசெய்துகொண்டே, "இன்னும் வரல" என்பான். எல்லோரும் கலைந்துபோவார்கள். அவன் சொல்லும் முன்பு மண்ணுக்கு இரும்பைக் காட்டினால், மண்ணுக்குக் கீழே இருக்கும் நிலத்துச் சாமிகள் கோபித்துக்கொள்வார்கள்.

"என்னதான் வரல?" என்று ஒரு நாள் யாங்டோல் கேட்டுவிட்டாள். சாங்குக்காகக் கொப்பரையில் பார்லி வெந்துகொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் இரண்டு பக்கமும் நின்று கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சூரியன்தான்."

"தினம் வருதே!"

"உங்க ஊர்ல எப்படி?"

"எங்க ஊர்ல ஆப்ரிகாட் பூத்தா ஏர் பூட்டிருவாங்க."

"இங்க என்ன பூக்குது? கல்லுதான் பூக்கும்." இஷே லாமோ துடுப்பை ஓங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "கிழக்கு மேட்டு மேல சூரியக் கல்லு இருக்கு. சோஸ்பெல் வீட்டுக் கக்கூஸ் ஜன்னல்ல இருந்து பாக்கணும். சிரிக்காதே. அவங்க தாத்தாவுக்குத் தாத்தா உக்காந்து பாத்த இடம் அதான், பின்னால வந்தவன் புத்தியில்லாம அங்க கக்கூஸ் கட்டிட்டான். சூரியன் தினம் கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் நகருமில்ல? அது அந்தக் கல்லுக்கு நேர் பின்னால வந்து உதிச்சா, அன்னிக்கு விதைப்பு."

"பெரிய கல்லா அமாலே?"

"பெருசெல்லாம் இல்ல. மூணு கல்லு. தட்டையா, ஒண்ணு மேல ஒண்ணா. ரொட்டி சுடற கல்லு மாதிரி இருக்கும்."

யாங்டோலின் துடுப்பு நின்றது. அவள் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. கொப்பரை, தீ, தீக்கு நடுவே மூன்று கற்கள். தட்டையாக. இப்போது நன்றாகக் கறுத்து, கஞ்சி வழிந்து.

"என்ன, முகம் வெளுத்துப் போச்சு? புகையா?"

"புகைதான் அமாலே."

அன்றிலிருந்து யாங்டோலுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே காத்திருக்கிறது. கல் இருந்தால்தானே சூரியன் அதற்குப் பின்னால் வரும்! நாள் தள்ளிப்போனால் பார்லி முற்றாது, முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும், அப்புறம் குளிர்காலத்துக்கு மாவு ஏது? சொல்லிவிடலாம் என்றால், முதல் வசந்தத்திலேயே ஊர்ச் சூரியனைத் திருடிய மருமகள் என்ற பெயர் சாகும் வரை போகாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஒரே ஒரு நல்ல வார்த்தை! அடுப்பு நல்லா அமைஞ்சிருக்கு! அதையும் திருப்பி வாங்கிக்கொள்வாளே மாமியார்.

திருட்டுத்தனமாகக் கல்லை மாற்றியும் பார்த்தாள். ஓடைக் கல்லை ஒரு பக்கம் செருகியதுதான் தாமதம், கொப்பரை குடிகாரன் மாதிரி சாய்ந்து கால் கொப்பரை பார்லி முற்றத்தில் கொட்டியது. கர்னலுக்கு மட்டும் அன்று திருவிழா. வீடு முழுக்க உறவுக்காரர்கள். ரோடு வேலைக்குப் போயிருந்த புருஷன் ஸ்மன்லாவும் விருந்துக்கு வந்துவிட்டான், "என்ன, என்னப் பாத்ததும் ஒரு சிரிப்புகூட இல்ல?" என்று அவன் வேறு. அடுப்பு ஒரு நிமிஷம் அணையவில்லை.

விருந்து நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைக் கதக் துணிகளும் குடங்களுமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை, மாப்பிள்ளையின் தாய்மாமன் பல்தன். மீசை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், எதற்கும் சகுனம் பார்க்கிற மனுஷன். வாசலில் காக்கை கத்தியதற்கே நின்று, இரண்டு தடவை கத்தியதா மூன்று தடவையா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஆட்டுக்கறி கொதித்தது, ஸ்க்யூ குழம்புக்கு மாவு கிள்ளிப் போட்டார்கள், ஊரே வழித்துத் தின்றது. பிறகு மத்தளமும் நாயனமும் கூரைக்கு ஏறின. எல்லோரும் வட்டமாக, மெதுவாக, கையை அசைத்து ஆட ஆரம்பித்தார்கள்.

கொப்பரை காலி. முற்றம் காலி. இதை விட்டால் வேறு நேரம் இல்லை! யாங்டோல் தீயில் தண்ணீர் ஊற்றினாள், கற்களை இடுக்கியால் உருட்டி ஈரச் சாக்கில் சுற்றினாள். அவற்றின் சூடு ஆறவே இல்லை. சாக்கு முதுகில் பட்டதும் கர்னல் ஒரு துள்ளு துள்ளியது.

"பொறுத்துக்கடா ராசா. கேரட் தர்றேன். ரெண்டு கேரட். சரி, மூட்டையே தர்றேன், நட!"

விருந்துப் பட்டும் நீலக்கல் நகையுமாக மேடு ஏறினாள். மூச்சு வாங்கியது. முகட்டுக்கு வந்து நிமிர்ந்தால், அங்கே ஒருவன் குனிந்து, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல் அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஜரிகைத் தொப்பி, கச்சை, தொந்தி. சோஸ்பெல்!

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க என்ன பண்றீங்க ஆச்சோலே?" பயத்திலும் அண்ணா என்கிற மரியாதையை அவள் விடவில்லை.

"நான்... காத்து வாங்க வந்தேன்."

"கல்லு அடுக்கிக்கிட்டா?"

"அது சும்மா, கைக்கு வேலை. உன் கழுதை என்ன சுமந்துக்கிட்டு வருது?"

"அதுவும் காத்து வாங்கத்தான் வந்துச்சு."

"காத்து வாங்க வந்த கழுதை முதுகுல ஏன் ஆவி பறக்குது?"

யாங்டோலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாக்கைப் பிரித்துக் காட்டினாள். "நான்தான் எடுத்தேன் ஆச்சோலே. அடுப்புக்கு. சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல பூ, உங்க ஊர்ல கல்லு, நான் என்னத்தக் கண்டேன்?"

சோஸ்பெல் அந்தக் கறுத்த கற்களையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டப் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்தாள். அவன் மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் இரண்டும் சிவந்து கலங்கியிருந்தது.

"கல்லு இங்க இல்லையா?"

"இல்ல."

"பனி கரைஞ்சதுல இருந்தே இல்லையா?"

"அதுக்கு முன்னாலயே இல்ல."

"அப்ப என் கண்ணு போகல?"

"கண்ணா?"

"எங்க அப்பாவுக்கு இப்படித்தான் போச்சு. முதல்ல தூரத்துல இருக்கறது தெரியாது, அப்புறம் ஒண்ணுமே தெரியாது. நான் தினம் உக்காந்து பாக்கறேன், பாக்கறேன், கல்லு தெரியவே இல்ல. இங்க வந்து தேடியும் கண்ணுல படல. தெச்சன்கிட்டகூடச் சொல்லல. நாமளா புதுசா அடுக்கி வச்சா கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் வந்தேன்." அவன் அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். "கண்ணு போகலையா? கல்லுதான் போச்சா?"

"கல்லுதான் போச்சு ஆச்சோலே!"

சோஸ்பெல் பெரிதாகச் சிரித்தான். கர்னலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். கர்னலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தொப்பியைக் கடித்தது. "கல்லுதான் போச்சு!" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. யாங்டோலும் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு இடம் தேடினார்கள். அன்று பனி, இன்று மொட்டைப் பாறை, மேடே வேறு மாதிரி இருந்தது. சோஸ்பெல் உத்தேசமாக அடுக்கியிருந்த இடத்தில் பாறை முழுக்க ஆரஞ்சுப் பாசி படர்ந்திருந்தது. யாங்டோல் தவழ்ந்து தவழ்ந்து தடவினாள். சற்றுத் தள்ளி, பாசிக்கு நடுவே, ரொட்டி அளவுக்கு வெளுத்த வட்டம் ஒன்று. எத்தனை தலைமுறையாக வெயில் படாத இடம்! அடிக்கல்லைத் தூக்கி வைத்தால் மூடி மாதிரி பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது. அடுப்புக்கரி பூசிய சூரியக் கல் வானத்தை எதிர்த்து நின்றது.

"முன்னவிட நல்லாத் தெரியும் போலிருக்கே!" என்றான் சோஸ்பெல்.

அப்போதுதான் கவனித்தார்கள். மத்தளச் சத்தம் நின்றிருந்தது.

ஷாங்போவில் ஒளிந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அந்த முகட்டைப் போல மோசமான இடம் வேறு கிடையாது. எங்கே நின்றாலும் தெரிவதற்காகத்தானே அங்கே கல்லையே வைத்தார்கள்! கீழே கூரை முழுக்க ஆட்கள், வரிசையாக, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு.

"வாயத் திறக்காதே" என்றான் சோஸ்பெல் இறங்கும்போது. "காத்து தள்ளிருச்சு, நாம ரெண்டு பேரும் எடுத்து வச்சோம். நான் பேசிக்கறேன். உன் பேரே வராது."

யாங்டோலுக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது.

முற்றத்தில் தெச்சன் இடுப்பில் கைவைத்துப் புருஷனுக்காகக் காத்திருந்தாள். "வாங்க மாப்பிள்ள! விருந்து கீழ, உங்களுக்கு மட்டும் மேலயா? கழுதையக் கட்டிப்பிடிச்சீங்களே, அது எந்த ஊரு ஆட்டம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சோஸ்பெல் செருமினான். "சிரிக்காதீங்க. விஷயம் பெருசு. சூரியக் கல்லு கீழ விழுந்து கிடந்துச்சு. காத்து தள்ளிருச்சு. இப்ப சரி பண்ணிட்டோம். நாளைக்குக் காலைல பாத்துச் சொல்றேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று யாங்டோல் மூச்சு விடப்போனாள். அப்போது பல்தன் கையிலிருந்த சாங் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"காத்தா? அத்தனை காலமா நின்ன கல்லு, எங்க பையனுக்குப் பேச்சு முடிக்கிற வருஷம் பாத்து விழுந்துச்சா?"

பல்தன் எழுந்து நின்றான்.

"நான் குத்தமா சொல்லல. ஆனா இது நல்லதுக்கு இல்ல. பொண்ணு வீட்டு ஊர்ல சூரியக் கல்லு சாயறது... லாமாவக் கேட்டுட்டு, அடுத்த வருஷம் பாப்போம். சாங்க எடுத்துட்டுப் போறோம்."

மாப்பிள்ளைப் பையன் "மாமா!" என்றான். பல்தன் கையைக் காட்டி அடக்கினான். குன்செஸ் கழுத்தில் போட்டிருந்த கதக்கின் நுனியை விரலில் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் வெளுக்கும் வரை. இஷே லாமோவின் முகம் கல்லாகிவிட்டது. சோஸ்பெல் யாங்டோலைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

"காத்து இல்ல" என்றாள் யாங்டோல்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னாள். "காத்து இல்லைங்க! சகுனமும் இல்ல. நான்தான் எடுத்தேன். இந்த அடுப்புக்கு. தட்டையா இருந்துச்சு, கொப்பரை ஆடாம நிக்கும்னு எடுத்துட்டு வந்தேன். சூரியக் கல்லுன்னு தெரியாது. ஏசறதுன்னா என்னை ஏசுங்க, குன்செஸ் பேச்ச முறிக்காதீங்க."

கர்னல் கேரட் மூட்டையைத் தேடிக் கொட்டகையை முட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

பல்தன் அடுப்பிடம் போனான். குனிந்து, சாம்பலில் கல் இருந்த மூன்று தடத்தையும் பார்த்தான். "அந்தக் கல்லு மேலயா கொப்பரை இருந்துச்சு?"

"ஆமாங்க."

"இன்னிக்கு நான் தின்ன கறி அதுல வெந்ததா?"

"ஆமாங்க."

"நாலு கிண்ணம் தின்னேன்!" பல்தன் மீசையைத் தடவினான். "அதான் அந்த ருசியா? அப்ப சூரியன் விழல. சமையலுக்கு வந்திருக்கு!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையாகத்தான் இருக்கும், அவன்தான் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு கூரை ஏறியது, பக்கத்துக் கூரைக்குத் தாவியது. தெச்சன் மட்டும் விடவில்லை. "ஊரு சூரியனத் திருடியிருக்கா, சிரிக்கிறீங்களே! இந்த மாதிரி மருமக எந்த வீட்டுலயாச்சும் உண்டா?"

இஷே லாமோ எழுந்தாள். யாங்டோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லதான்" என்றாள் இஷே லாமோ. "என் மருமக சூரியனையே தூக்கிட்டு வந்து எனக்குக் கொப்பரை ஏத்திக் குடுத்தா. உன் மருமக வந்து ஒம்பது வருஷமாச்சு, ஒரு செங்கல்லாவது தூக்கியிருக்காளா?"

தெச்சன் காலிக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். யாங்டோல் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பல்தனின் கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பல்தன் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தான் கொண்டுவந்த குடத்திலிருந்து அவளுக்கு ஊற்றினான், அவளும் குடித்தாள். பேச்சு உறுதி!

மறுநாள் விடியும் முன்பே ஊர் முழுவதும் சோஸ்பெல் வீட்டு மாடியில். அத்தனை பேரும் கக்கூஸுக்குள் நுழைய முடியுமா? ஜன்னலோ ஒரு முகம் அளவு. "தள்ளாதே, ஓட்டை இருக்கு கீழ!" "யாரு கால்ல மிதிக்கிறது?" "பல்தன் மாமா, தொப்பியக் கழட்டுங்க!" சோஸ்பெல் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான், கறுப்புக் கண்ணாடி இல்லாமல். "யாங்டோல் எங்க? அவள விடுங்க. நேத்து என் கண்ணத் திருப்பிக் குடுத்தது அவதான். இன்னிக்கு அவளே பாக்கட்டும்."

அவள் ஜன்னலில் முகத்தை வைத்தாள். மேடு கன்னங்கரேலென்று இருந்தது, விளிம்பில் மட்டும் ஒரு கோடு தங்கம். கற்கள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. தங்கம் தடித்தது, பொங்கியது, சட்டென்று ஒரு பொறி. கல்லுக்குப் பின்னால் இல்லை. இடப்பக்கம். நன்றாகவே இடப்பக்கம்!

"தாண்டிருச்சு!" என்று கத்தினாள். "கல்லத் தாண்டிப் போயிருச்சு!"

"என்னது?"

"விதைப்பு நாள் போயிருச்சு! ஏர் பூட்டுங்க! ஓடுங்க!"

அந்தப் படிக்கட்டில் அன்று எத்தனை பேர் உருண்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. ஊர் லாமா எழுந்து பூஜைத் தட்டோடு ஓடி வந்தார், மண்ணுக்குக் கீழே இருப்பவர்களிடம் நடந்துகொண்டே மன்னிப்புக் கேட்டார். மாடுகளுக்கு நுகம் பூட்டினார்கள். ஆள் போதவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இஷே லாமோ வாசலை மறித்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? நாலு கிண்ணம் தின்னீங்கல்ல?"

பட்டு அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பல்தன் எருக் கூடை தூக்கினான். தலை வலி, நேற்றைய சாங். மாப்பிள்ளை கலப்பை பிடித்தான், சால் பாம்பு மாதிரி போனது. குன்செஸ் முன்னால் மாட்டைப் பிடித்து நடந்துகொண்டே, "இது ஜீப் இல்ல, திருப்பறதுக்கு ஸ்டியரிங் கிடையாது!" என்று கத்தினாள். ஸ்மன்லா பாட்டு எடுத்துக் கொடுக்க, மாடுகள் அதற்குத் தக்க நடந்தன. பார்லி விதை கைவீச்சில் பறந்து ஈர மண்ணில் விழுந்தது. யாங்டோல் ஓடினாள், எருவுக்கு ஓடினாள், விதைக்கு ஓடினாள், தண்ணீருக்கு ஓடினாள், கன்னமெல்லாம் மண், பல்லெல்லாம் சிரிப்பு.

வெயில் உச்சிக்கு வந்தபோது எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடித்தார்கள். பல்தன் காலை நீட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "கல்யாணத்துக்கு எல்லாரும் எங்க ஊருக்கு வந்துடணும். இந்த மருமகளையும் கூட்டிட்டு வாங்க. ஆனா முன்னாடியே ஒரு ஆள அனுப்பிச் சொல்லிடுங்க. எங்க மலையில இருக்கற கல்லையெல்லாம் வீட்டுக்குள்ள தூக்கி வச்சுக்கறோம்!"

நேற்றாக இருந்தால் யாங்டோல் தலையைத் தொங்கப்போட்டிருப்பாள். இன்று கிண்ணத்தைக் காலி செய்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு மாமா சிரமம்? முதல்ல உங்க வீட்டுக் கொப்பரையக் காட்டுங்க. சின்னதா இருந்தா ஓடைக்கல்லே போதும்."

இஷே லாமோ தேநீர் புரையேறி இருமினாள். இருமல்தானா என்று சரியாகத் தெரியவில்லை. "போதும் பேச்சு" என்றாள், முகத்தைச் சால்வையில் மறைத்துக்கொண்டு. "கீழ் வயல் அப்படியே கிடக்கு. எழுந்திரு மருமகளே."

யாங்டோல் கூடையைத் தலைக்கு மேல் சுழற்றி முதுகில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள்.